பன்னிரண்டாவது மூச்சு

பதினோரு மூச்சு இருந்த இடத்தில் அன்றைக்குப் பன்னிரண்டு இருந்தது.

குமரகுரு முள்ளைத் தூக்கி மறுபடியும் இசைத்தட்டின் ஓரத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் வெறும் கரகரப்பு. அப்புறம் சாக்ஸபோன். முதல் பாட்டின் தொடக்கத்தில் வேறெந்த வாத்தியமும் கிடையாது. கூட்டம் கலைந்த கல்யாண மண்டபத்தில் ஒருவர் மட்டும் நின்று வாசிப்பதுபோல அந்த ஒரு கருவி தனியாகப் போகும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வாசிக்கிறவர் வாய்வழியே காற்றை இழுப்பது பக்கத்தில் உட்கார்ந்து இழுப்பதுபோலக் கேட்கும். பியானோவும் டிரம்மும் வந்து சேர்வதற்குள் பதினோரு தடவை இழுப்பார். வாங்கி வந்த செவ்வாய்க்கிழமை பதினொன்று. புதனும் பதினொன்று. வெள்ளியும் அதேதான். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இளம்பிள்ளை ஊரின் தெருக்களில் தறி ஓடாத ஒரே நாளின் அமைதியில், பன்னிரண்டு.

இரண்டாம் தடவை கேட்டார். பன்னிரண்டுதான்.

எண்ணுவதில் அவர் தப்புப் பண்ண வழியே இல்லை. இருபத்தைந்து வருடமாக அட்டை அடிக்கிறவர். சேலைக் கரையில் ஒரு மயில் வர வேண்டுமென்றால் மயிலின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை வேண்டும். அட்டையில் எங்கே ஓட்டை இருக்கிறது, எங்கே இல்லை என்பதைப் பார்த்துத்தான் எந்த இழையைத் தூக்குவது என்று தறி தெரிந்துகொள்ளும். நானூறு அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டி, மாலைபோலத் தறிக்கு மேலே தொங்கவிட்டால், ஒரு மயில் முடிந்த இடத்தில் அடுத்த மயில் தானாகத் தொடங்கும். ஓர் அட்டை இடம் மாறினாலும் போச்சு, மயிலுக்குக் கழுத்து முறிந்துவிடும். அதனால் மனுஷனுக்கு எண்ணாமல் இருக்கத் தெரியாது. படி ஏறினால் எண்ணுவார். குக்கர் விசிலை எண்ணுவார். "கல்யாணத்தன்னிக்கு எங்கழுத்துல நகை என்னன்னு பாக்காம, மாலையில பூவு எத்தனைன்னு எண்ணுன ஆளுங்க இவுரு" என்று அவர் மனைவி ஸ்ரீதேவி யார் வந்தாலும் சொல்லிச் சிரிப்பாள்.

மற்ற பதினொன்றும் பழக்கப்பட்ட வாத்தியக்காரனின் மூச்சு. குட்டையாக, சுருக்கென்று, வேலைக்கு வேண்டிய அளவு மட்டும். பன்னிரண்டாவது அப்படி இல்லை. மெலிந்து நீண்டு, இழுத்து இழுத்து வந்து, முடிகிற இடத்தில் சன்னமாக ஒரு விசில். கதவிடுக்கில் காற்று நுழையும்போது வருமே, அந்த மாதிரி.

அந்த விசிலை அவருக்குத் தெரியும். நாலு வருடமாக அதன் பக்கத்தில்தான் படுத்துத் தூங்குகிறார்.

உள்ளே கட்டிலில் அவர் மகள் பிரீத்தி கவிழ்ந்து படுத்து ஓவியம் வரைந்துகொண்டிருந்தாள். பத்து வயது. ஆறு வயதில் பிடித்த வீசிங். வீட்டின் முன்பாதி தறிக்கூடம், நான்கு தறிகள், பின்பாதியில் குடித்தனம். நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்டி நூல்தூசி எப்படி வருமோ தெரியாது, காலையில் பெருக்கிய தரையில் மத்தியானத்துக்குள் நரைமுடிபோலப் படிந்திருக்கும். பொங்கலுக்குப் பிறகு மட்டும் மூன்று தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு ஓடியிருக்கிறார்கள். தறி இருக்கிற வீட்டில் இவளை வைக்காதீர்கள் என்று டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வார். தறியை விட்டு எங்கே போவது? அதற்கு அவர்களிடம் மருந்து இருக்கிறதா?

அப்படி இருந்த குழந்தைதான் இப்போது கவிழ்ந்து படுத்திருந்தாள். போன வாரம்வரைக்கும் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கியவள்.

*

உண்மையில் அந்தத் தட்டைப் பாட்டுக்காக அவர் வாங்கவே இல்லை. உறைக்காக வாங்கினார். சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்தையில் பச்சமுத்து என்கிற மேச்சேரிக்காரர் பழைய சாமான் பரப்பி வைத்திருப்பார். கரைக்கு டிசைன் தேடிப் பழைய காலண்டர், ஜன்னல் திரை, பீங்கான் தட்டு என்று எதையாவது எடுத்துவருவது குமரகுருவின் வழக்கம். அந்த உறை கருநீலம். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓர் ஆள் சாக்ஸபோன் வாசிக்கிறான். அதன் வாயிலிருந்து வெள்ளைக் கோடுகள் அலை அலையாக விளிம்புவரை போகின்றன. பேரெல்லாம் விரல் பட்டுப் பட்டு அழிந்திருந்தது. அந்த அலையை அப்படியே சேலை முந்தியில் கொண்டுவந்தால் தீபாவளிக்குப் பிய்த்துக்கொண்டு போகும் என்று அவருக்குக் கை பரபரத்தது. "பெட்டியும் இருக்குதுங்க, சேத்தியே எடுத்துக்குங்க" என்று பச்சமுத்து ஒரு பழைய ரிக்கார்டு பிளேயரையும் தலையில் கட்டிவிட்டார்.

ஓடுகிறதா பார்ப்போம் என்றுதான் அன்று சாயங்காலம் போட்டார். பிரீத்தி காலையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். தொண்டைக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. முதல் பாட்டு பாதி போயிருக்கும். ஸ்ரீதேவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு இழுப்பு நின்னுபோச்சு பாருங்க!"

நின்றிருந்தது. ஸ்ரீதேவிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அந்தத் தட்டுதான். அவளுக்கு அந்த இசை ஒரு மண்ணும் பிடிபடவில்லை. "என்னமோ ஊதறான், நல்லாயிருக்கட்டும் அவன்" என்பாள்.

இப்போது பன்னிரண்டு. திங்கட்கிழமை பதினான்கு. மறு வாரம் பத்தொன்பது.

குமரகுரு யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். அவருக்கே சிரிப்பு வர வேண்டும். ஆனால் கூடிய மூச்சுகள் எல்லாவற்றின் வாலிலும் அந்த விசில் இருந்தது. அவை வந்து உட்கார உட்கார, பழைய பதினொன்றும் தேய்ந்துகொண்டே போயின; பாட்டும் தேய்ந்தது. சாக்ஸபோன் தூரத்துத் தெருவுக்குப் போய்விட்டதுபோல ஒலித்தது. பக்கத்தில் மூச்சு மட்டும்.

குழந்தையோ நாளுக்கு நாள் தேறினாள். மூன்று தோசை கேட்டாள். தறிக்கூடத்துக்குள் ஓடிப் பிடித்து விளையாடினாள். ஸ்ரீதேவி நெபுலைசரைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டாள். காட்டிவிட்டு வருவோமே என்று சேலத்துக்குப் போனார்கள். டாக்டரம்மா விரலில் கருவியை மாட்டிப் பார்த்து ஆக்ஸிஜன் தொண்ணூற்றொன்பது என்றார், அருமை என்றார். அப்புறம் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தார். இழு கண்ணு என்றார். இடம் மாற்றி வைத்தார். காதிலிருந்து எடுத்து, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி மாட்டினார்.

"இது மாத்தற நேரம் வந்தாச்சு போல. ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது" என்று சிரித்துக்கொண்டே அதை மேசைமேல் போட்டார்.

ஸ்ரீதேவியும் சிரித்தாள். குமரகுரு மகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பிரீத்தி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் பாலை ஊதி ஊதிக் குடித்தாள். அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் உப்பியது. உதடு குவிந்தது. ஊதினாள். டம்ளரில் பாலின் மேலே படிந்திருந்த ஆடை அசையவில்லை. ஒரு சுருக்கம்கூட விழவில்லை. திரும்ப ஊதினாள். "சூடாவே இருக்குதுங்கப்பா" என்றாள்.

அவர் எழுந்துபோய்க் கொல்லையில் நின்றார்.

*

செவ்வாய்க்கிழமை சந்தை கூடியதும் பச்சமுத்துவின் முன்னால் போய் உட்கார்ந்தார். பச்சமுத்து பழைய குழாய்களை ரகம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, அந்த நீல அட்டைத் தட்டு எங்கிருந்து வந்துச்சுங்க?"

பச்சமுத்து நிமிர்ந்து பார்த்தார். "அதப் போட்டுக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"டிசைனுக்குன்னு தானுங்களே கேட்டீங்க. அதனாலதான் குடுத்தேன். பெட்டிய எடம் அடைக்குதேன்னு தள்ளிவுட்டேன், போட்டுப் பாப்பீங்கன்னு நெனைக்கல." குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் பங்களாங்க. இடிக்கப் போறாங்கன்னு சாமானெல்லாம் அள்ளிக்கிட்டு வந்தோம். கடைசி ரூம்புல ஒரு கட்டிலு, காத்து சிலிண்டரு, முக்காலி மேல இந்தப் பெட்டி. அங்க சமையல் பண்ணுன பெரியவரு ஒருத்தரு இருந்தாரு. பங்களாக்கார அம்மாளுக்கு இளைப்புங்களாம். இந்தத் தட்டப் போட்டா நிக்குமாம். ஊட்டுக்காரரு ராப்பகலா போட்டுக்கிட்டே இருப்பாராம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னுங்க, அந்தம்மாளும் இல்ல, அவரும் இல்ல." பச்சமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒருக்காதான் போட்டேன். பாட்டுக்கு நடுவால அந்தாளு மூச்சு வாங்கறது என்னமா கேக்குதுன்னு அந்தப் பெரியவருகிட்டச் சொன்னேன். அவரு என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, 'வாங்குனப்ப அதுல மூச்சுச் சத்தமே கெடையாதே சாமி, சுத்தமான தட்டாச்சே'ன்னாரு. வெச்சுக்காதீங்க. உறைய எடுத்துக்கிட்டுத் தட்ட எங்காவது போட்டுருங்க."

சந்தை இரைச்சலில் அவர் உதடுகளையே குமரகுரு பார்த்துக்கொண்டிருந்தார். தறி ஓடும் வீட்டில் பிறந்தவர்களுக்குக் காதைவிடக் கண்தான் நன்றாகக் கேட்கும். ஒரு வார்த்தையும் தப்பவில்லை.

அன்று சாயங்காலம் தட்டைப் போடவில்லை. ஸ்ரீதேவி கேட்டதற்குப் பெட்டி ரிப்பேர் என்றார். புதன்கிழமையும் அதையே சொன்னார். புதன்கிழமை ஆறு மணிக்கு, விளக்கு வைக்கிற நேரத்தில், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பிரீத்தி பென்சிலைக் கீழே வைத்தாள். இருமவில்லை. இழுக்கவில்லை. சும்மா நின்றுபோனாள். கண் திறந்திருந்தது. உதடு நாவல்பழம் தின்றதுபோல நிறம் மாறிக்கொண்டு வந்தது. ஸ்ரீதேவி பரணிலிருந்து நெபுலைசரை இழுத்துப்போட்டு முகமூடியை வைத்து அழுத்தினாள். மருந்துப் புகை முகமூடிக்குள்ளேயே சுற்றியது. உள்ளே போகவே இல்லை. அதை இழுக்க அங்கே யாரும் இல்லை.

"கண்ணு! சாமி! மூச்சுடு சாமி!"

குமரகுரு பெட்டியிடம் பாய்ந்தார். அவசரத்தில் முள் இரண்டு தடவை வழுக்கியது. கரகரப்பு. அப்புறம் அந்த மெலிந்த, நீண்ட இழுப்பு. விசில்.

பிரீத்தி பென்சிலை எடுத்தாள். "என்னங்கம்மா ஆச்சு?" என்றாள்.

ஸ்ரீதேவி மகளைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் அன்றைக்கு எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. "அப்போ நிறுத்தாதீங்க" என்றாள். அவ்வளவுதான்.

*

நாளுக்கு ஒரு தடவை போதுமாயிருந்தது, வியாழக்கிழமை மூன்று தடவையாயிற்று. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவளைச் சட்டை மாற்றக்கூட விடாமல் அந்த அறையிலேயே உட்காரவைத்தார்கள். இனி இடைவெளி இல்லை. தட்டு சுற்றினால் குழந்தை இருந்தாள். பேசினாள், கதை கேட்டாள், தூங்கினாள். ஒரு பக்கம் ஓடி முடிய இருபது நிமிடம். முடிந்ததும் முள்ளைத் தூக்கித் திரும்ப ஓரத்தில் வைக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறி உட்கார்ந்தார்கள்.

போனில் பதிவு செய்து பார்த்தார்கள். போட்டுக் கேட்டால் வெறும் தறிச் சத்தம். ஆம்புலன்சைக் கூப்பிடலாம், ஓடுகிற வண்டிக்குள் முள் தட்டில் நிற்குமா? ஒரு குழியில் இறங்கினால் எகிறிவிடும். வண்டி வழியில் இருக்கிற சித்தர்கோவிலைத் தாண்டுவதற்குள் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆனால் குமரகுருவை உலுக்கியது வேறு. தட்டு நின்று நேரமானால் பிரீத்தி நின்றுபோவாள்; வெள்ளி சாயங்காலத்திலிருந்து முள்ளைத் தூக்கி வைக்கிற இடைவெளியிலேயே நின்றுபோனாள். வைத்ததும் திரும்புவாள். வியாழக்கிழமை முள் வைத்து மூன்று எண்ணுவதற்குள் திரும்பினாள். வெள்ளிக்கிழமை காலை எட்டு. சாயங்காலம் பதினைந்து. சனிக்கிழமை விடிந்தபோது இருபத்திரண்டு. அவரால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது.

அன்றைக்கென்று பார்த்து மாதாந்திர ஷட்டவுன். காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதும் ஊரிலிருந்த தறி எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. வீட்டு யுபிஎஸ் எடுத்துக்கொள்ள ஒரு கணம் பிடித்தது. அந்த ஒரு கணத்தில் தட்டு தளர்ந்தது. மூச்சு குழைந்து, ஆழமாகி, ஆம்பிளைக் குரல்போல இறங்கியது. பிரீத்தியின் தலை தொங்கிற்று. அப்புறம் வேகம் பிடித்தது. தலை நிமிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அமைதிகூட அந்த வீட்டில் இப்படிக் கனத்ததில்லை. தெருவில் ஒரு காக்கை. தூரத்தில் யாரோ துணி துவைக்கிற சத்தம். அறைக்குள் அந்த மூச்சு, உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. இசை முழுக்கத் தீர்ந்திருந்தது. நூல்தூசியின் வாசனையும், சூடான பெட்டியின் வாசனையும் மட்டும். குழந்தை இரண்டு நாளாகக் கழற்றாத பள்ளிச் சீருடையில் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தட்டின் மூச்சுக்குச் சரியாக மார்பு ஏறி இறங்கியது. எது எதைத் தொடர்கிறது என்று அவர் பார்க்காமல் இருக்க முயன்றார்.

மூன்று மணிக்கு ஸ்ரீதேவி வண்டிச் சாவியை எடுத்தாள்.

"நான் போயி டாக்டரம்மாவக் கையோட கூட்டியாறேன். காலுல உளுந்தாவது கூட்டியாறேன். அவங்க வந்து கண்ணால பாக்கட்டும்." வாசலில் நின்று திரும்பினாள். "முள்ளு மேலயே கண்ணா இருங்க. தூங்கிப்போடாதீங்க."

"போயிட்டு வா."

நான்கரை மணி தாண்டியதும் பக்கம் முடிந்தது. தூக்கினார். வைத்தார். எண்ணினார். பத்து. இருபது. முப்பது. குழந்தையின் கை கட்டில் விளிம்பிலிருந்து சரிந்து தொங்கியது. நாற்பது. நாற்பத்தொன்று. இழுத்தாள். குமரகுரு தரையில் உட்கார்ந்துவிட்டார். முழங்காலைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார்.

"ஏனுங்கப்பா அழறீங்க?"

"ஒண்ணுமில்ல சாமி. தூசி."

இன்னும் இருபது நிமிடத்தில் திரும்பத் தூக்க வேண்டும். அந்தத் தடவை அவள் திரும்ப மாட்டாள். அது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கதவுவழியே தறிக்கூடம் தெரிந்தது. நின்றுபோன தறிக்கு மேலே அட்டை மாலை தொங்கியது. நானூறு அட்டை. கடைசி அட்டை முதல் அட்டையோடு கட்டப்பட்ட இடத்தில் சிவப்புக் கயிறு.

பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு மயிர் கூச்செறிந்தது. அட, இருபத்தைந்து வருடமாக இதைத்தானே செய்கிறேன்! முடிவை முதலோடு கட்டிவிட்டால் முடிவே கிடையாது. தட்டிலும் ஓரிடத்தில் கீறிவிட்டால் முள் திரும்பத் திரும்ப அங்கேயே வரும். கீறல் விழுந்த தட்டு சொன்னதையே சொல்லும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே. நல்ல மூச்சாக ஒரு துண்டு, இழுப்பும் விடுகையுமாக, எடுத்துக்கொள்ள வேண்டியது. அதன் முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஒரு கோடு. பிறகு தூக்கவே வேண்டாம். ஸ்ரீதேவி வரட்டும், டாக்டரம்மா வரட்டும், நாலு நாள் ஆகட்டும்.

அட்டை அடிக்கிற ஊசியை எடுத்துவந்து பெட்டி அருகில் உட்கார்ந்தார். தட்டைக் கண்கொட்டாமல் பார்த்தார். எந்த இடத்தில் எந்த மூச்சு என்று அதற்குள் அவருக்கு மனப்பாடம். பன்னிரண்டாவது, அவளுடைய முதல் மூச்சு, அதுதான் திடமானது. அது இருக்கிற இடத்தில் தட்டு கொஞ்சம் மங்கலாக, ஒரு நூலிழை அகலத்துக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

பக்கம் முடிந்தது. முள்ளைத் தூக்கினார். தட்டை நிறுத்தினார். ஒன்று. இரண்டு. சாம்பல் பட்டையைக் கண்டார். ஐந்து. ஊசியை உள்விளிம்பில் ஊன்றி, வெளிவிளிம்பை நோக்கிச் சாய்வாக, அட்டையில் ஓட்டை விழும் அழுத்தத்தோடு இழுத்தார். ஒன்பது. ஊதித் தூளைத் தள்ளினார். சுழலவிட்டார். சாம்பல் பட்டைக்குக் கொஞ்சம் முன்னால் முள்ளை இறக்கினார். பன்னிரண்டு.

இருபது. முப்பது. திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பது. ஐம்பது.

முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

தட்டில் இழுப்பு வந்தது. பிறகு, டக். மெல்ல ஒரு துள்ளல். முள் பின்னுக்குப் போனது. முடிச்சு விழுந்துவிட்டது! திரும்ப இழுப்பு. குமரகுரு கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு விடுகைக்காகக் காத்திருந்தார்.

டக்.

இழுப்பு.

டக்.

இழுப்பு.

கண்ணைத் திறந்தார். முள் பட்டையின் தொடக்கத்துக்குப் போகவில்லை. ஒரே ஒரு வரி பின்னால் விழுந்து, அந்த ஒரு வரியில், ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, அங்கேயே விழுந்துகொண்டிருந்தது. அட்டை மாலைக்கு நாம் கோத்த இடம்வரை நீளம். தட்டுக்கு ஒரு சுற்றுதான் நீளம். இரண்டு விநாடிகூட இல்லை. அந்தச் சுற்றில் இருந்தது இழுப்பு மட்டும். விடுகை அடுத்த சுற்றில் இருந்தது. அவர் வெட்டிய கோட்டுக்கு அந்தப் பக்கம்.

திரும்பினார்.

பிரீத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மார்பு ஏறியிருந்தது. டக். இன்னும் ஏறியது. டக். தோள் இரண்டும் காதை நோக்கி எழுந்தன. வாய் திறந்திருந்தது. கண் அவர்மேல் இருந்தது. இறங்கவே இல்லை. இன்னும் இழுத்தாள்.

முள்ளை விரலால் முன்னே தள்ளினார். வெட்டில் மோதித் திரும்ப விழுந்தது. அழுத்தித் தள்ளினார். திரும்ப விழுந்தது. டக். தூக்கலாம். தூக்கினால் நின்றுபோவாள். நின்றால் வர மாட்டாள். தூக்காவிட்டால். தூக்காவிட்டால்.

ஐந்து மணி. கரண்ட் வந்தது.

தெரு முழுக்கத் தறிகள் ஒரே நேரத்தில் எழுந்தன. காலையில் சுவிட்சை இறக்க மறந்த அவருடைய நான்கு தறிகளும் ஆளில்லாமல் தாமே ஓடத் தொடங்கின. தரை அதிர்ந்தது, கட்டில் அதிர்ந்தது, அட்டை மாலை ஒவ்வொன்றாக நகர்ந்தது. தட்டின் சத்தம் அதில் மூழ்கிப்போயிற்று. முள் மட்டும் துள்ளித் துள்ளி விழுவது தெரிந்தது. கண்ணால் பார்க்கத்தான் முடிந்தது.

மகளின் உதடு அசைந்தது. பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தறிச் சத்தத்தில் உதட்டால் பேசக் கற்றுக்கொண்ட குழந்தை. தெளிவாகச் சொன்னாள்.

போதுங்கப்பா.

அவர் கை முள்ளுக்கு மேலே ஓர் அங்குலத்தில் நின்றது. இறங்கவில்லை. நகரவில்லை. சீருடையின் முதல் பித்தான் தெறித்துத் தரையில் விழுந்து உருண்டது. ஒன்று என்று எண்ணினார். அவள் இழுத்தாள். இரண்டாவது தெறித்துச் சுவரில் பட்டது. இரண்டு. இன்னும் இழுத்தாள். மூன்றாவது பித்தானின் நூல், இழை இழையாக, விட்டுக்கொண்டிருந்தது.